அவள் காதுக்குச் செய்த ஆர்கன்

வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் சிவகாசிப் பக்கத்தில் யாரும் பயந்து ஒளிய மாட்டார்கள். வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்ப்பார்கள். புகை எந்தத் திசையில் ஏறுகிறது, வெள்ளையா கறுப்பா, அந்தத் திசைக்கு இன்றைக்கு நம் வீட்டு ஆள் யாராவது வேலைக்குப் போயிருக்கிறார்களா என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். அதற்குள் கை தானாகப் போனை எடுத்திருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் யாருக்கும் லைன் கிடைக்காது. லைன் கிடைக்கிற வரைக்கும் தெருவில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார்கள்.

வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு நான் ஆமத்தூருக்குத் திரும்பி வந்த வருடம், சித்திரை வெயிலில் ஒரு மதியம் அப்படி ஒரு சத்தம் வந்தது. ஆனைக்குட்டம் பக்கம். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் சோற்றுக் கையோடு ஓடி வந்து, 'அண்ணே, எந்தப் பக்கம், எந்தப் பக்கம்' என்று அலறினாள். நானும் ஓடினேன். ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். பட்டாசுக்குள் மருந்து அடைக்கிற காகிதக் குழாய். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, உருட்டி, உருவிப் போடுகிற வேலை. ஒன்றை உருவிப் போட்டாள். அடுத்த காகிதத்தை எடுத்தாள். அவள் கழுத்து திரும்பவில்லை.

அன்றைக்குத் தெருவில் மற்ற எல்லோருக்கும் லைன் கிடைத்தது, எல்லா வீட்டு ஆட்களும் பத்திரம் என்று தெரிந்தது. எனக்கு மட்டும் வீட்டுக்குள்ளேயே ஒன்று இடிந்து விழுந்திருந்தது.

நான் பார்த்த வேலையை இந்த ஊரில் யாருக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடிந்ததில்லை. மரவேலை என்று ஆரம்பித்தாலே, 'எங்க வீட்டு நிலைக்கதவு இறங்கிப்போச்சு, ஒரு எட்டு வந்து பாருங்க' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். கரிசல்காட்டுக் கூலி வேலைக்குப் போன வீட்டில் பிறந்தவன் நான். மதுரையில் ஒரு பட்டறையில் பீரோவும் அலமாரியும் செய்து தேர்ந்தேன். அங்கிருந்து சிங்கப்பூரில் ஒரு மரவேலைக் கம்பெனி. அங்கே ஒரு பெரிய தேவாலயத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த ஆட்கள் பைப் ஆர்கன் ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு வந்த தச்சருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எங்கள் கம்பெனி மாற்றாளாக என்னை அனுப்பியது. ஒரு பலகைக் கதவை இழைத்து மாட்டினேன். அந்த ஆர்கன் பட்டறையின் முதலாளி, வெள்ளை மீசைக்காரர், கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார், மூடினார். அடுத்த குளிர்காலத்தில் நான் அவருடைய ஊரில், கால் விரல் விறைத்துப்போய், அவருடைய பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே இருந்து பார்த்தால் ஆர்கன் என்பது கூரை உயரத்துக்கு ஒரு பீரோ. உள்ளே ஒரு காற்றுப் பெட்டி இருக்கும். பெட்டியின் தலைமேல் மரத்திலும் ஈயக் கலவையிலும் செய்த குழல்கள் வரிசையாக நிற்கும். விரல் பலகையில் ஒரு கட்டையை அமுக்கினால் மெல்லிய மரச்சட்டம் ஒன்று இழுபட்டு, பெட்டிக்குள் தோல் ஒட்டிய ஒரு சிறு கதவு திறக்கும். காற்று அந்தக் குழலுக்குள் ஏறிச் சத்தமாகும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தச் சிறு கதவு ஒரு மயிரிழை மூடாமல் நின்றால்கூட, யாரும் தொடாமலே ஒரு குழல் ஆராதனை முழுக்க அழுதுகொண்டே இருக்கும். அப்படி அழ விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. பல வருடம் அதையே செய்தேன். நான் செய்த காற்றுப் பெட்டிகள் எத்தனையோ ஊர்களில், எனக்கு வாயில் நுழையாத பெயருள்ள தேவாலயங்களில் இருக்கின்றன.

இதையெல்லாம் ஆரம்பத்தில் போனில் என் மனைவிக்கு விளக்கியபோது, 'பீரோவுக்குள்ள நாயனக்காரன அடைச்சு வச்சிருக்கீக, வேற என்ன' என்றாள். சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. லீவில் வரும்போதெல்லாம், 'நீங்க செஞ்சதுல ஒண்ணையாச்சும் நான் கேக்கணுங்க' என்பாள். பதிவு செய்து கொண்டுவந்து போட்டுக் காட்டினேன். 'இது தகரத்துல மழை பேயுற மாதிரி இருக்கு. நேர்ல கேட்டாத்தான் கேட்டது' என்று ஒதுக்கிவிட்டாள். கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போனது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய அம்மா படுக்கையில் கிடந்தாள், பிறகு அவளுக்கே வேலை இருந்தது, பிறகு விசா கிடைக்கவில்லை. கடைசியில் வெள்ளை மீசைக்காரர் செத்துப்போனார், அவர் மகன் பட்டறையை மூடினான், நான் உளிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வெடித்த அன்று சாயங்காலம் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். 'எப்ப இருந்து' என்று கேட்டேன். அவள் என் உதட்டைப் பார்ப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

'பூச்சட்டி ரூமு போச்சுல்ல, அன்னையிலருந்து' என்றாள். அவள் வேலை பார்த்த பட்டாசு ஆலையில், புஸ்வாணம் செய்கிற பக்கத்து அறை வெடித்ததைச் சொன்னாள். அது நடந்தபோது நான் ஜெர்மனியில் இருந்தேன். அன்றைக்கு அவள் தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தாள். அவளோடு ஒன்றாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறக்கிறவர்களில் ஒருத்தியும் மிஞ்சவில்லை.

'எனக்கு ஒண்ணும் இல்லன்னு போன்ல சொன்னியே?'

'உசுரோட நின்னேன்ல. அப்ப ஒண்ணும் இல்லன்னுதானே சொல்லணும்.'

சரி, இத்தனை வருடம் போனில் எப்படிப் பேசினாய் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். 'மொதல்ல கேட்டுச்சு. போகப் போகக் கொறஞ்சது. நீங்க கேக்குறது என்ன, சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, மழை உண்டா. நான் வரிசையாப் பதில் சொல்லிக்கிட்டே வருவேன். கடைசியில சரி வச்சிருறேன்னு வச்சிருவேன்.' எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவள்மேல் ஆத்திரம், ஆலைமேல் ஆத்திரம், ஒரு குழலின் சுருதி நூல் அளவு இறங்கினாலும் கண்டுபிடித்துவிடுவான் என்று பெயர் வாங்கிய என் காதின் மேல் எல்லாவற்றையும் விட ஆத்திரம்.

மதுரைக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் அவளை உட்கார வைத்துச் சோதித்தார்கள். காது டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். தாளில் ஒரு கோட்டைக் காட்டினாள். இடது ஓரத்தில் கொஞ்ச தூரம் நின்ற கோடு, கிணற்றுப் படி மாதிரி இறங்கி, அப்புறம் அடியோடு போய்விட்டது. 'நரம்பு செத்துப்போச்சு சார். மெஷின் வச்சா இரைச்சல் கேக்கும், பேச்சு புரியாது. தாழ்ந்த சத்தம் மட்டும் பக்கத்துல இருந்து வந்தா கொஞ்சம் கேக்கும். அதுவும் ரொம்ப நாள் நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்' என்றாள். பூசி மெழுகாமல் பேசினாள், எனக்கு அவளைப் பிடித்திருந்தது. மெஷினை வாங்கி மாட்டினோம். 'காதுக்குள்ள மிக்சி ஓடுதுங்க' என்று என் மனைவி அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தேன். டாக்டருக்கு அது ஒரு கோடு. எனக்கு அது விரல் பலகை. வலது பக்கக் கட்டைகள் எல்லாம் போய்விட்டன. நடுவில் உள்ளவையும் போய்விட்டன. இடது ஓரத்தில், அடித்தொண்டையில் ஒலிக்கிற சில கட்டைகள் மட்டும் மிச்சம். மனிதர்கள் பேசுகிற இடம் அதில் இல்லை. ஆனால் பெரிய குழல்கள் ஒலிக்கிற இடம் இருந்தது. அந்த இடமும் மூடிக்கொள்வதற்குள் அவளுக்கு ஒரு ஆர்கன் செய்து அவள் காதுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். விருதுநகரில் பஸ் மாறி ஏறும்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

பைத்தியக்காரத்தனம்தான். நல்ல பைன் மரத்துக்கு இந்தக் கரிசலில் எங்கே போவது? சிவகாசி அச்சகங்களுக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின் வரும், அது வருகிற பெட்டி பைன் மரம். அச்சகத்துப் பின்பக்கம் மழையில் நனைந்து கிடந்த பெட்டிகளைக் கேட்டு வாங்கினேன். 'கோழிக்கூடா அண்ணாச்சி?' என்றார் அங்கே இருந்த போர்மேன். ஆமாம் என்றேன், விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. ஆணி பிடுங்கி, முடிச்சு விழுந்த இடங்களை ஒதுக்கி, மிச்சத்தை இழைத்தேன். தோல் திண்டுக்கல்லிலிருந்து வந்தது. பசைக்கு வச்சிரம் காய்ச்சினேன். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பழைய பசை அது, சூடு காட்டினால் விட்டுக் கொடுக்கும், தப்பாக ஒட்டியதைப் பிரித்து மறுபடி ஒட்டலாம். அந்த நாற்றத்துக்குத் தெரு முழுக்க மூக்கைப் பிடித்தது. காற்றுக்கு, புரோட்டாக் கடை அடுப்புக்கு ஊதுகிற மோட்டார் ஒன்றைப் பிடித்துவந்தேன். அதன் இரைச்சல் உள்ளே வராமல் இருக்க அதை வெளியே ஒரு பெட்டியில் அடைத்து, ஜன்னல் வழியாகத் துணிக் குழாய் விட்டுக் காற்றை உள்ளே கொண்டுவந்தேன்.

தாழ்ந்த சத்தம் வேண்டுமென்றால் குழல் நீளமாக இருக்க வேண்டும். என் வீட்டுக் கூரைக்குள் அது அடங்காது. ஆனால் குழலின் மேல்வாயை அடைத்துவிட்டால் பாதி நீளத்திலேயே அதே தாழ்ந்த சத்தம் கிடைக்கும். தக்கையில் தோல் சுற்றி நான் முதல் குழலை அடைப்பதைப் பார்த்து என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆயுள் முழுக்கக் குழாய் சுருட்டியவள் அல்லவா, அடைப்பு என்றால் அவளுக்குத் தெரியும்.

'ஒரு பக்கம் அடைச்சாத்தான் சத்தமா? எங்க வேலையிலயும் அதேதான். அடைப்பு லேசா இருந்தா புஸ்ஸுன்னு போயிரும்' என்றாள். தக்கையை விரலால் தட்டிப் பார்த்து, 'இது லூசுங்க' என்றாள். லூசுதான். இன்னொரு சுற்று தோல் வைத்தேன்.

அந்த நாட்களில்தான் இந்த ஊரோடு எனக்குப் பெரிய சண்டை. மழை இல்லாத காய்ச்சல்தான் பட்டாசுக்கு வாழ்வு. அதே காய்ச்சல் எனக்கு எமன். இன்று இறுக்கிப் பூட்டிய காற்றுப் பெட்டி, நாளை மறுநாள் வாய் பிளந்து நிற்கும். ஒட்டிய இடத்தில் ஒட்டு விடும், ஒட்டாத இடத்தில் பலகை விரியும். ஒரு முழுப் பெட்டியை விறகாக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஜெர்மனியில் மரத்துக்கென்று ஈரம் அளந்து வைத்த அறை இருந்தது. இங்கே ஈரச் சாக்கைச் சுற்றி நான்கு பக்கமும் தொங்கவிட்டு உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தேன். பார்க்கிறவர்கள் சாமியாடப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அதே நேரத்தில் அவள் காது இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியாமல் சோதித்துப் பார்ப்பேன். முதலில் மாவாட்டுகிற கிரைண்டரின் உறுமல் போனது. பிறகு வாசலில் லாரி ஹாரன். அடுத்த வருடம் பங்குனிப் பொங்கலுக்குத் தெருவில் கொட்டு போனபோது அவள் எழுந்து வந்து நின்றாள், ஆனால் பார்த்துவிட்டு வந்தாளா கேட்டுவிட்டு வந்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் ஒரு குழலை முடிப்பதற்குள் அவளுக்கு ஒரு சத்தம் குறைந்துகொண்டிருந்தது. வேகமாகச் செய்தால் பெட்டி பிளக்கும், மெதுவாகச் செய்தால் காது போய்விடும். வேலை செய்துகொண்டே பல்லைக் கடித்துக் கடித்து ஒரு கடைவாய்ப் பல் ஆடிப்போனது.

ஆடிக் காற்று ஓய்ந்த பிறகுதான் முடித்தேன். அழகில்லை. பெட்டி மரத்தில் அச்சடித்திருந்த வெளிநாட்டு எழுத்துகள் அங்கங்கே தெரிந்தன. கட்டைகளும் ஒரு கைக்குப் போதுமானவைதான். பெரிய குழலுக்குப் பக்கத்தில், அதன் வாய்க்கு நேராக அவள் காது வருகிற மாதிரி ஒரு முக்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். மோட்டாரைப் போட்டேன். காற்றுப் பெட்டி நிறைந்தது. இடது ஓரத்துக் கடைசிக் கட்டையை அமுக்கினேன்.

நான் எத்தனையோ பெரிய ஆர்கன்களைக் கேட்டவன். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஆடின. பக்கத்து வீட்டுப் பெண் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். நான் யாரையும் பார்க்கவில்லை, என் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் விரிந்தது. 'கேக்குதுங்க' என்றாள். 'ஏங்க, கேக்குதுங்க.'

'மதினிக்குக் கேட்ருச்சு!' என்று பக்கத்து வீட்டுப் பெண் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். நான் அழுதுவிட்டேன். அன்று தெருவில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் பிற்பகலில் அவள் குழாய் வேலையை நிறுத்திவிட்டு வந்து முக்காலியில் உட்காருவாள். எனக்குப் பாட்டு ஒன்றும் வாசிக்கத் தெரியாது. குழல்களை ஒலிக்க வைத்துப் பழகியவனே தவிர வாசிப்பவன் இல்லை. ஒவ்வொரு கட்டையாக அமுக்கி, கொஞ்சம் நிறுத்தி, அடுத்ததற்குப் போவேன். அவள் என் விரலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். 'இது நல்லா இருக்கு', 'இது கொஞ்சம் கரகரன்னு இருக்கு' என்பாள். கரகரப்பு என்றால் நான் மறுநாள் அந்தக் குழலின் உதட்டைச் செதுக்குவேன். அவள் காதில் விழுகிற கடைசிச் சத்தம் நான் இழைத்த மரத்திலிருந்து வருகிறது என்று எனக்கு ஒரு மிதப்பு. ஊருக்குள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கூட நடந்தேன்.

தீபாவளி சீசன் முடிந்து, ஐப்பசிக் கடைசியில் அடைமழை பிடித்தது. ஈரத்தில் மரம் ஊதி, கட்டைகள் அமுங்கினால் எழும்பாமல் ஒட்டிக்கொண்டன. ஒரு பிற்பகல் அதைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். இந்த வேலையைக் காற்று இல்லாமல்தான் செய்ய வேண்டும். காற்று இருந்தால் சத்தத்தில் கவனம் போய்விடும், விரலுக்கு எதுவும் தெரியாது. பட்டறையில் நாங்கள் காற்றை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கட்டையாக அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு, எது எழும்பத் தயங்குகிறது என்று விரலாலேயே பார்ப்போம். அப்படியே மோட்டாரை நிறுத்தி, துணிக் குழாயையும் கழற்றிக் கீழே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. உள்ளே கட்டைகள் இறங்கி ஏறுகிற டொக் டொக் தவிர எதுவும் இல்லை.

அவள் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். நான் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கட்டையை அமுக்கி, அது எழும்புகிறதா என்று பார்க்கக் கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் வைத்திருந்தேன்.

'இன்னைக்கு நல்லாக் கேக்குதுங்க' என்றாள் அவள்.

நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணை என் விரல்மேல் வைத்துக்கொண்டு, எப்போதும் போலத் தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷம். நடிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த கட்டையை அமுக்கினேன். 'இது?' என்று உதடு தெரியக் கேட்டேன்.

'இது நேத்தைக்குக் கொஞ்சம் இறங்கி இருந்துச்சு. இப்ப சரியாயிருச்சு.'

அந்தக் குழலை நான் தொட்டே பல நாள் ஆகிறது. நேற்று இறங்கவும் இல்லை, இன்று ஏறவும் இல்லை. என்றைக்கு அவளுக்குக் கேட்காமல் போனது? போன வாரமா, தீபாவளிக்கு முன்பா, அந்த முதல் நாளா? கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் மாட்டேன். இத்தனை வருட வேலையும் அந்த ஒரு நொடியில் கையைவிட்டுப் போனது. உலகத்தில் எந்தத் தேவாலயத்தில் எது ஒலித்தால் எனக்கென்ன?

'ஏங்க, நிறுத்திட்டீக? வாசிங்க' என்றாள்.

துணிக் குழாய் என் காலடியிலேயே கிடந்தது. அவள் அதைப் பார்த்துவிடக் கூடாது என்று மெதுவாகக் காலால் பெட்டிக்குக் கீழே தள்ளினேன். பிறகு முதல் கட்டையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக, அவள் போதும் என்று சொல்லி எழுந்துபோகிற வரைக்கும் அமுக்கிக்கொண்டிருந்தேன்.